பேக்கேஜில் ஆபரேஷன் மட்டும்தான்: எடைக் குறைப்பு சர்ஜரிக்கு ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள் படிக்க

"இலவச ஆலோசனை, முழுக்க கேஷ்லெஸ், வட்டியில்லா இ.எம்.ஐ., வீட்டு வாசலுக்கே கார்" என்று ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கும் இடைத்தரகு கம்பெனிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவர்களுக்கென்று சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. நம்மை ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர்கள் வேலை. அப்படி ஒன்றை நம்பிப் போய் என் அக்கா பட்ட பாட்டை எழுதுகிறேன். ஆபரேஷனைக் குறை சொல்ல வரவில்லை. தகுந்த ஆளுக்கு, முறையாகச் செய்தால், சர்க்கரை மாத்திரையையே நிறுத்துகிற அளவுக்குப் பலன் தரும் சிகிச்சை அது. ஆபரேஷனை மட்டும் விற்றுவிட்டு, அதற்கப்புறம் வருகிறதைப் பார்க்க ஓர் ஆளைக்கூட வைக்காத வியாபாரத்தைத்தான் சொல்கிறேன்.

அக்கா திருச்சியில் இருக்கிறாள். உயரம் 156 சென்டிமீட்டர், எடை 90 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 37. சர்க்கரை உண்டு, ஆனால் மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி.) 6.8. முட்டி வலி தனி. இதோடு பல வருடமாக நெஞ்செரிச்சல். காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் போடாமல் காப்பி குடிக்க முடியாது. இந்த நெஞ்செரிச்சலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் போன் நம்பரைப் போட்டதுதான் தாமதம், கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "கோ-ஆர்டினேட்டர்" என்று ஒரு பெண். குரலில் அவ்வளவு கனிவு. "மேடம், நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க, நான் உங்க சொந்தத் தங்கச்சி மாதிரி" என்றாள். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி, தேதி, கார் எல்லாம் அவளே ஏற்பாடு செய்தாள். சர்ஜன் அந்த ஆஸ்பத்திரிக்காரர் இல்லை, கேஸ் இருக்கும் நாளில் வெளியிலிருந்து வந்து போகிறவர். ஆபரேஷனுக்கு முன் அக்காவிடம் சில நிமிடம் பேசியதோடு சரி. ஒப்புதல் படிவம் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில். நர்ஸ் விரலால் இடம் காட்ட, மாமா கையெழுத்துப் போட்டார்.

செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது. குழாய் குறுகலாக இருப்பதால் உள்ளே அழுத்தம் கூடும், அமிலம் மேலே ஏறும். அதனால் ஏற்கெனவே எதுக்களிப்பு அதிகம் இருக்கிறவர்களுக்கு முதலில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது) போட்டு உணவுக்குழாயையும் இரைப்பை மேலேறி இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். பலருக்கு ஸ்லீவுக்குப் பதில் பைபாஸ்தான் (இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைப்பது) சொல்வார்கள். இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் பின்னால் திருச்சியில் பார்த்த டாக்டர். சென்னையில் யாரும் அந்தக் கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கவே இல்லை. ஆனால் பில்லில் எண்டோஸ்கோபிக்குப் பணம் இருக்கிறது! ரிப்போர்ட் எங்கே என்று கேட்டதற்கு, "அது பேக்கேஜ்ல சேர்ந்தது சார், தனியாப் பிரிக்க முடியாது" என்று பதில்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். "உங்க பாலிசியில நூறு சதவீதம் கவர் ஆகும்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே கொடுத்திருந்தாள். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உடல் பருமன் ஆபரேஷனுக்கு எப்போது பணம் தரலாம் என்பதற்கு 2019-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு வரையறை போட்டது. பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, கூடவே கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை, இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) போல ஏதாவது இருக்க வேண்டும். அதோடு, ஆபரேஷன் இல்லாத மற்ற வழிகளை முயன்று பலிக்காமல் போயிருக்க வேண்டும். மருத்துவ வழிகாட்டுதல் இதைவிடத் தாராளம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்று 2022-ல் சர்வதேச சங்கங்கள் சொல்லிவிட்டன. அதாவது டாக்டர் கணக்கில் அக்கா தகுதியான ஆள். இன்ஷூரன்ஸ் கணக்கில் இல்லை. கோ-ஆர்டினேட்டருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. எப்படிச் சொல்கிறேன் என்றால், முன் அனுமதிக்கு அனுப்பிய படிவத்தில் அக்காவின் எடை 98 கிலோ. 156 சென்டிமீட்டருக்கு 98 கிலோ போட்டால் பி.எம்.ஐ. சரியாக 40-ஐத் தாண்டும். கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஏற்றிய எட்டுக் கிலோ அது.

முன் அனுமதி வந்தது, ஆபரேஷனும் முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கேஸ் ஷீட்டை (சிகிச்சைக் குறிப்புகளை) முழுதாகக் கேட்டது. மயக்க மருந்து டாக்டரின் குறிப்பில் 90 கிலோ என்று இருந்தது. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் அவர் உண்மையான எடையைப் போட்டிருக்கிறார். ஒரே ஃபைலில் இரண்டு எடை. தவறான தகவல் என்று சொல்லி முழு கிளெய்மையும் நிராகரித்துவிட்டார்கள். கோ-ஆர்டினேட்டர் போனை எடுக்கவில்லை. பணம் கட்டினால்தான் டிஸ்சார்ஜ் என்று பில்லிங் கவுன்ட்டரில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மாமா சொந்தக்காரர்களிடம் கடன் வாங்கி, மிச்சத்துக்கு நகையை அடகு வைத்துக் கட்டினார்.

பணம் போனது கூடப் பரவாயில்லை, விடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவு.

திரவ உணவிலிருந்து மசித்த சாப்பாட்டுக்கு மாறியதும் அக்காவுக்கு வாந்தி ஆரம்பித்தது. முதலில் சாப்பிட்டால் மட்டும், அப்புறம் கஞ்சித் தண்ணி, கடைசியில் வெறும் தண்ணியும் நிற்கவில்லை. பேக்கேஜில் "ஒரு வருட டயட்டீஷியன் ஆதரவு" என்று இருந்தது. வந்தது ஒரு பி.டி.எஃப். அதில் காலை உணவுக்கு கிரேக்க யோகர்ட், மதியம் சால்மன் மீன். உறையூரில் கிரேக்க யோகர்ட்டுக்கு எங்கே போவது? ஏஜென்சி நம்பரில் வேறொரு பையன் எடுத்து, "ஆரம்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான் சார், கொஞ்சம் கொஞ்சமா குடிக்கச் சொல்லுங்க" என்றான். சர்ஜன் நம்பரைத் தரமாட்டேன் என்றுவிட்டான். ஆஸ்பத்திரியில் கேட்டால் "அவர் எங்க கன்சல்டன்ட் இல்ல, ஏஜென்சிகிட்ட பேசுங்க" என்கிறார்கள். ஏஜென்சியில் கேட்டால் ஆஸ்பத்திரியைக் கைகாட்டுகிறார்கள்.

பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினோம். அதற்கப்புறம்தான் அக்கா நடக்கும்போது தள்ளாட ஆரம்பித்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து, "ஏன்டா ரெண்டு மாட்டி வச்சிருக்கீங்க?" என்றாள். இருந்தது ஒன்றுதான். ராத்திரி என்னை எங்கள் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சித்தப்பா இறந்து வெகுகாலம் ஆகிறது.

திருச்சியிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். வயிற்று ஆபரேஷன், விடாத வாந்தி, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் என்று கேட்ட மறுநிமிடமே தயமின் ஊசியை நரம்பில் போடச் சொன்னாள். தயமின் என்பது வைட்டமின் பி1. உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். விடாமல் வாந்தி எடுக்கிறவர்களுக்கு அது தீர்ந்துபோனால் மூளையும் நரம்பும் பாதிக்கும். வெர்னிக்கே என்று அதற்குப் பெயர். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். கிளினிக் டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன், இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரிகூட இல்லை. ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்ததில், வெட்டிய இரைப்பை நடுவில் மடிந்து சுருங்கியிருந்தது. பலூன் வைத்து விரித்தார்கள். பார்வை சரியாகிவிட்டது, பேச்சும் தெளிவாகிவிட்டது. பாதம் மட்டும் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடக்கிறாள்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுளுக்கும் எடுக்க வேண்டும், ரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் வரக்கூடும் என்பதால் முதல் ஆறு மாதம் அதற்கும் மாத்திரை தருவது வழக்கம். அக்காவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது ஒரு மல்டிவைட்டமின், இரண்டு வாரத்துக்கு.

யாராவது போவதாக இருந்தால், தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து ராத்திரி பதினோரு மணிக்கு வாந்தி நிற்காவிட்டால் யாருக்குப் போன் செய்வது என்று கேளுங்கள். சர்ஜன் பெயரும் அந்த ஆஸ்பத்திரியோடு அவருக்கு என்ன தொடர்பு என்பதும் எழுத்தில் வேண்டும். முன் அனுமதிப் படிவம் போகும் முன் அதன் நகலை வாங்கி, எடையையும் உயரத்தையும் நீங்களே சரிபாருங்கள். விடாத வாந்தியோடு எந்த டாக்டரிடம் போனாலும் "இரைப்பையை வெட்டி ஆபரேஷன் பண்ணியிருக்கு, பி1 போடணுமா?" என்று வாய் விட்டுக் கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: முழு கேஸ் ஷீட்டையும் எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எங்களுக்கு முதலில் இழுத்தடித்தார்கள், விதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் போட்ட பிறகுதான் வந்தது. இரண்டு எடையும் ஒரே ஃபைலில் இருப்பதற்கான ஆதாரம் அப்போதுதான் எங்கள் கைக்குக் கிடைத்தது. நோயாளியை அனுப்பியதற்கு டாக்டர் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் அதே விதிகளில் தடை செய்யப்பட்டது. அதை வைத்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குத் தனியாக ஒரு புகார் அனுப்பியிருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எங்கள் மனு மாவட்ட ஆணையத்தில் இருக்கிறது. 98 கிலோ என்பது "தட்டச்சுப் பிழை" என்று ஆஸ்பத்திரி பதில் கொடுத்திருக்கிறது. ஏஜென்சி இன்னும் பதிலே தரவில்லை, அந்த கோ-ஆர்டினேட்டர் இப்போது வேறு பெயரில் மூல ஆபரேஷனுக்கு விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறாள். வாட்ஸ்அப் செய்திகளையும் போன் ரெக்கார்டிங்கையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் கேஸ் நிற்பதே அவற்றை வைத்துத்தான்.