சாவி கொடுக்கும் மெட்ரோனோம்: எண்ணை நம்பலாம், சொல்லை நம்ப வேண்டாம்

செல்போன் செயலி இலவசமாகக் கிடைக்கும்போது சீராகத் தட்டித் தாளம் காட்டும் மரப்பெட்டி மெட்ரோனோம் எதற்கு என்று, என்னிடம் பியானோ படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள். வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். சாவி கொடுத்தால் போதும், பேட்டரி வேண்டாம். ஊசல் போய்வருவது கண்ணுக்குத் தெரிவதால், அடுத்த தட்டு விழும் நேரம் பிள்ளையின் உடம்பிலேயே பதிந்துவிடுகிறது. வெறும் 'டிக்' சத்தத்தில் அது வராது.

மேசை மட்டும் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் தாளம் நொண்டும். ஊசலில் உள்ள எடையை நகர்த்தி, பின்னாலுள்ள தகட்டின் எண்ணைப் பார்த்து வேகத்தை வைக்க வேண்டும்; எண் என்பது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது. 120க்கு அடுத்த கோடு 126தான், இடையில் எதுவும் இல்லை. ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு இது குறையே இல்லை.

என் மனத்தாங்கல், தகட்டில் எண்களோடு அச்சடித்திருக்கும் இத்தாலியச் சொற்கள் மேல். 120 முதல் 168 வரை 'அல்லெக்ரோ' என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்து, அல்லெக்ரோ என்றால் வேகம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். இத்தாலியில் அது குதூகலமான ஆளைக் குறிக்கும் சாதாரணப் பேச்சு வார்த்தை. துடிப்பு, சுறுசுறுப்பு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்தான் அதன் வேர். இசைத்தாளிலும் முதலில் மனநிலையைத்தான் சொன்னது. வேகம் அப்புறம் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கருவியை ஆம்ஸ்டர்டாமில் வின்கல் என்பவர் 1814இல் உருவாக்கினார். மெல்ட்செல் என்பவர் அதில் அளவுகோலைச் சேர்த்து 1815இல் காப்புரிமை வாங்கிக்கொண்டார். அல்லெக்ரோ என்றால் குதூகலம், அந்தச் சொல்லைப் போட்ட இசையோ பல சமயம் அதற்கு நேர் எதிராக இருக்கிறது என்று பீத்தோவன் 1817இல் ஒரு கடிதத்தில் சலித்துக்கொள்கிறார். அவருடைய ஐந்தாம் சிம்பொனியையே கேளுங்கள். முதல் பகுதியின் தலையில் 'அல்லெக்ரோ கான் பிரியோ' (குதூகலமாக, துடிப்போடு) என்று இருக்கிறது, காதில் விழுவதோ இடி. அதற்கு அவர் குறித்த வேகம் நிமிடத்துக்கு 108 மினிம் (மினிம் ஒரு நீண்ட சுர அளவு; குவேவர் என்னும் குறுஞ்சுரம் நான்கு அதில் அடங்கும்). பெட்டியில் 108ஐத் தேடினால், அல்லெக்ரோவை எட்டுவதற்கு முன்பே, 'மாடராட்டோ' (மிதமான வேகம்) தொடங்கும் இடத்தில் நிற்கிறது! ஒரு தட்டுக்குள் நான்கு குவேவர் ஓடுவது அந்தத் தகட்டுக்கு எப்படித் தெரியும்?

அதனால் சொற்களின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். பிள்ளை முதலில் மெட்டைப் பாடிப் பார்க்கட்டும், அதன் குணம் பிடிபட்ட பிறகு எடையை நகர்த்தலாம். வாங்கும்போது கடையிலேயே சாவி கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பக்கத் தட்டும் சம இடைவெளியில் விழுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.