கேன்வாஸுக்கு நுரை, ஸ்வேடுக்கு ரப்பர்: ஷூவைக் கையால் சுத்தம் செய்ய எது சரி?

கேன்வாஸ் என்பது நெய்த பருத்தி. அழுக்கு இழைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவதால் தண்ணீரும் நுரையும் இல்லாமல் வெளியே வராது. ஸ்வேட் என்பது விலங்குத் தோலின் உட்புறம். அதன் மென்மையே நிமிர்ந்து நிற்கும் நார்கள்தான். தண்ணீரில் நனைந்தால் அவை ஒட்டிக்கொண்டு, காய்ந்ததும் விறைத்துப்போகும்.

கேன்வாஸுக்கு எல்லோரும் முதலில் கைவைப்பது சமையல் சோடா, வினிகர் கலவையில். பொங்குவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துவிட, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். சலவைத்தூள் அழுக்கை நன்றாகவே எடுக்கும். ஆனால் சரியாக அலசாவிட்டால் தங்கிய காரம் வெள்ளைத் துணியில் மஞ்சள் திட்டாகத் தெரியும். பாத்திரம் கழுவும் திரவமே மேல்: அரை லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு டீஸ்பூன் போதும். நாடாவையும் இன்சோலையும் கழற்றி, காய்ந்த மண்ணைத் தட்டிவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் சின்ன வட்டமாகத் தேய்க்கவும். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் ஈரத்துணியால் நுரையை ஒற்றி எடுங்கள். கொதிநீர் கூடாது, அடிப்பாகத்துப் பசை இளகிவிடும். பிளீச்சும் வேண்டாம், துணி நைந்துபோகும். கழுவியதும் வெள்ளை டிஷ்யூ தாளைச் சுற்றி நிழலில் வையுங்கள். ஈரத்தோடு ஏறிவரும் கறை துணியில் நிற்காமல் தாளில் படியும். செய்தித்தாளைத் திணித்தால் மை ஒட்டலாம்.

ஸ்வேடில் சேறு பட்டால் உடனே துடைக்கத்தான் கை போகும். அப்படிச் செய்தால் சேறு இன்னும் உள்ளே இறங்கும். முழுக்கக் காயவிட்டு, ஒரே திசையில் பிரஷ் செய்யுங்கள். மிஞ்சும் கருப்புக் கோடுகளுக்கு, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர். கலர் ரப்பர் தன் சாயத்தையே விட்டுவிடும். எண்ணெய்க் கறைக்கு ரப்பர் உதவாது. சோள மாவை (கார்ன்ஃப்ளார்) தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் தட்டுங்கள். நார் படிந்து பளபளக்கும் இடத்துக்குப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷைவிடக் கெட்டில் ஆவி பாதுகாப்பானது: சற்றுத் தூரத்திலிருந்து சில நொடி காட்டி, பிரஷ்ஷால் நாரை நிமிர்த்துங்கள். தண்ணீர்த் துளி விழுந்து ஓரம் கறுத்த வளையமா? வளையத்தை மட்டும் தேய்த்தால் அது பெரிதாகும். தையலிலிருந்து தையல்வரை அந்தத் துண்டு முழுவதையும் ஈரப் பஞ்சால் சீராக நனைத்து, காயவிட்டு, பிரஷ் செய்தால் மறையும்.

இரண்டும் கலந்த ஷூ என்றால் ஸ்வேடை முதலில் உலர்வாக முடித்து, அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு, கேன்வாஸை நுரையால் மட்டும் தேய்க்கவும்.