ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியா, 4060 8 ஜிபியா? மலையில் இருப்பவர்கள் எதை வாங்கலாம்

கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஸ்டுடியோ மெஷினில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, வீட்டில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி. இரண்டையும் வேலைக்கும் கேமுக்கும் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இந்த இரண்டு கார்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எஃப்பிஎஸ் எண்ணை (கேமில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்பதை) மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். கரண்ட் ஒழுங்காக வருகிற ஊருக்கு அது போதும். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் கார்டு எத்தனை வாட் இழுக்கிறது, எத்தனை ஜிபி மெமரி இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எஃப்பிஎஸ் பக்கம் வர வேண்டும்.

சரி, கேமை முதலில் முடித்துவிடலாம். 3060 வந்தது 2021 பிப்ரவரியில், 4060 வந்தது 2023 ஜூனில். காகிதத்தில் பார்த்தால் பழையதுதான் பெரிய கார்டு மாதிரி தெரியும்: கணக்குப் போடும் கூடா கோர்கள் அதில் 3584, புதியதில் 3072தான், மெமரிக்குப் போகிற பாதையான மெமரி பஸ் 192 பிட்டிலிருந்து 128க்குச் சுருங்கிவிட்டது, மெமரி வேகமும் நொடிக்கு 360 ஜிபியிலிருந்து 272க்கு இறங்கிவிட்டது. ஆனால் 4060இன் கிளாக் வேகம் மிக அதிகம், சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சேமிப்பான எல்2 கேஷை 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக ஏற்றியிருக்கிறார்கள், அதனால் அடிக்கடி மெமரியைத் தேடி ஓட வேண்டியதில்லை. 1080பியில் பெரும்பாலான கேம்களில் 4060 ஏறத்தாழ 20 சதவீதம் முன்னால் இருக்கிறது. வேலரன்ட், ஜிடிஏ 5 மாதிரி ஆடுகிற பையன்களுக்கு இரண்டுமே தாராளம்.

4060இல் டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன் (இடையில் கூடுதல் ஃபிரேம்களை ஏஐ மூலம் உருவாக்கும் வசதி) உண்டு, 3060இல் கிடையாது. சைபர்பங்க் 2077இல் போட்டுப் பார்த்தால் படம் வழுக்கிக்கொண்டு போகிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த வசதியே கொஞ்சம் கார்டு மெமரியைத் தின்னும், 8 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை (கேமில் பரப்புகளின் படத் தரத்தை) உச்சத்தில் வைத்து அதையும் போட்டால் திணறல் வரும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் சரியாகிவிடுகிறது.

இன்னொன்று, பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் 4060க்கு லேன் எட்டுதான், 3060க்குப் பதினாறு. ஏஎம்டி பி450 போர்டு, இன்டெல் பத்தாம் தலைமுறை மெஷின் எல்லாம் வேகம் குறைந்த பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0தான். அதில் 4060 போட்டால் மெமரி நிரம்பாத வரை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, நிரம்பி வழிந்தால்தான் அந்தக் குறுகின வழியில் எல்லாம் மாட்டிக்கொண்டு கேம் விட்டுவிட்டு ஓடும்.

இப்போது வாட் கணக்கு. 3060க்கு 170, 4060க்கு 115. இந்த 55 வாட் வித்தியாசத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எங்களுக்கு இதுதான் பெரிய விஷயம். தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்தால் மரம் விழுந்து லைன் அறுவதும், வோல்டேஜ் இறங்கி யூபிஎஸ் டக் டக்கென்று பேட்டரிக்கு மாறுவதும் இங்கே வழக்கம். சாதாரண 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். பிராசசர், மானிட்டர், ஹார்டு டிஸ்க், அதோடு 170 வாட் கார்டு முழு வேகத்தில் ரெண்டர் ஓட்டினால் அந்த எல்லையை நெருங்கிவிடுவோம். அந்த நேரம் கரண்ட் போனால் யூபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும், ரெண்டர் போச்சு. 4060 மெஷின் அதே யூபிஎஸ்ஸில் ஃபைலைச் சேமித்து நிதானமாக அணைக்கிற அளவுக்காவது நேரம் தருகிறது. ஸ்டுடியோவுக்கு 3060தான் என்று முடிவெடுத்தால் 1 கேவிஏ (1000 விஏ) யூபிஎஸ்ஸின் விலையையும் கார்டு விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். தினம் ஆறு மணி நேரம் முழு லோடில் ஓடினால் மாதம் பத்து யூனிட், இரண்டு மாத பில்லில் இருபது யூனிட் வித்தியாசம் வரும். அது பெரிய பணம் இல்லை.

குளிர் ஊர்தானே, கார்டு சூடாகவே ஆகாது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்று கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிது, அதனால் அதே வேகத்தில் சுற்றுகிற ஃபேன் குறைவான சூட்டைத்தான் வெளியே தள்ளும். அறை குளிராக இருப்பதால் அது ஈடாகிவிடுகிறது, அவ்வளவுதான். கேபினெட்டை அலமாரிக்குள் அடைத்து வைத்தால் 3060 கோத்தகிரியிலும் இரைச்சல் போடும். 4060இல் சின்ன இரட்டை ஃபேன் மாடலே போதும், சத்தம் கேட்பதே இல்லை.

ஆனால் என் வேலை என்று வந்தால் நான் 3060 பக்கம்தான். ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) கல்யாணம், ஹெத்தையம்மன் பண்டிகை எல்லாம் எடுக்கும்போது சாயங்காலம் மூடுபனி இறங்கிவிடும், வெளிச்சம் போய்விடும், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றித்தான் எடுக்க முடியும். வெள்ளைத் துணி, வெள்ளை மூடுபனி, படம் முழுக்க புள்ளி புள்ளியாக நாய்ஸ். டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைனில், அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு அதை நீக்கும் டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, மேலே கலர் திருத்தும் நோட்களை அடுக்கினால் 8 ஜிபி கார்டில் மெமரி நிரம்பிவிட்டது என்ற செய்தி வந்து நிற்கிறது. 12 ஜிபியில் அதே ப்ராஜெக்ட் மெதுவாகப் போனாலும் கடைசி வரை போய்ச் சேர்கிறது. ஆல்பத்தை மறுநாள் கொடுக்க வேண்டிய இரவில் எனக்கு வேண்டியது அதுதான். 3டி மென்பொருளான பிளெண்டரும் அப்படியே: மெமரிக்குள் அடங்கும் காட்சி என்றால் 4060 தெளிவாக முந்துகிறது, அடங்காவிட்டால் சிஸ்டம் ரேமைக் கடன் வாங்கி இழுக்க ஆரம்பிக்கிறது.

எக்ஸ்போர்ட்டில் மட்டும் 4060க்கு ஒரு நல்ல பலம். ஃபைலைச் சின்னதாக்கும் புதிய வீடியோ ஃபார்மட்டான ஏவி1இல் என்கோட் செய்ய முடியும், 3060 ஏவி1ஐப் படிக்கும், எழுதாது. யூடியூபில் ஏற்றுகிறவர்களுக்கு ஃபைல் சின்னதாகும், மலை இணைய வேகத்தில் அது உண்மையான நிம்மதி.

வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள். 3060 என்ற அதே பெயரில் 2022 கடைசியில் 8 ஜிபி, 128 பிட் கார்டும் வந்தது, 12 ஜிபியைவிடத் தெளிவாக மெதுவானது. கோவையில் ஒரு கடையில் 3060 கேட்டதற்கு இதைத்தான் எடுத்து வைத்தார்கள், 12 ஜிபி என்று அழுத்திக் கேட்ட பிறகுதான் மாற்றினார்கள். வாடிக்கையாளரிடம் இப்படி நடந்துகொள்வது எனக்கு ஒப்பவே இல்லை. பழைய கார்டு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டை ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) நின்ற பிறகு ராத்திரி பகல் ஓடின கார்டுகள் நிறையச் சந்தைக்கு வந்தன. ஃபேன் ஆடுகிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் லோடில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், மெஷினை மலையிலிருந்து கீழே கொண்டுபோகும்போது கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துப் போங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கனமான கார்டு ஸ்லாட்டை ஆட்டிவிடும். சில்லென்றிருக்கும் மெஷின் மேட்டுப்பாளையத்து வெக்கையில் இறங்கினதும் உள்ளே வியர்க்கும், ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

கேம், படிப்பு, யூடியூப், சின்ன யூபிஎஸ் என்றால் 4060ஐக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 4கே எடிட்டிங்கில் சம்பாதிக்கிறவர்கள் 12 ஜிபியைத் தேடுங்கள். 2025இல் வந்த 5060ஐப் பற்றியும் கேட்கிறார்கள்: 145 வாட், வேகமான ஜிடிடிஆர்7 மெமரி, இப்போதைய கேமராக்களின் 4:2:2 ஃபுட்டேஜையும் (நிற விவரம் அதிகம் உள்ள வீடியோவையும்) நேரடியாகப் படிக்கிறது. ஆனால் மெமரி அதே 8 ஜிபி. ஸ்டுடியோ மெஷினில் 3060தான் தொடரும்.