பழைய பைபர் போட் வைத்திருக்கிறவர்கள் கவனம்: 185,000 ரூபாய் போச்சு

திருகோணமலைப் பக்கம் பழைய பைபர் போட் வைத்திருக்கும் எல்லோரும் இதை வாசியுங்கள். ஆத்திரத்தில் எழுதுகிறேன், சொல்லில் கூடக்குறைய இருக்கும். உள்பலகை உக்காமல் போட்டைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அப்பாவின் போட் பதினெட்டரை அடி. 2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்கப் பைபர் போட் கொடுத்தார்களே, அந்தக் காலத்துப் போட். 25 குதிரைவலு எஞ்சின். போன மாரி முடிந்து கடலில் இறக்கும்போதே எஞ்சினைக் கையால் பிடித்து ஆட்டினால் பின்பலகையும் சேர்ந்து ஆடியது. பைபர் உக்காது என்று சொல்வார்கள். பைபர் உக்காதுதான், ஆனால் எஞ்சின் மாட்டுகிற அந்தப் பின்பலகைக்குள் இருப்பது பிளைவுட். போல்ட் ஓட்டையாலோ, அடியில் தண்ணி விடுகிற அடைப்பான் ஓட்டையாலோ ஈரம் உள்ளே போனால் அது காய வழியில்லை. இரண்டு பக்கமும் பைபர் பளபளவென்று இருக்க, நடுவில் பலகை மட்டும் உக்கிப்போகும். அதிலும் கடல்தண்ணியைவிட மழைத்தண்ணிதான் மோசம். உப்பு உக்கலைக் கொஞ்சமாவது மட்டுப்படுத்தும். இங்கே கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிற கொட்டுக்குக் கரையில் கிடக்கும் போட்டுக்குள் எவ்வளவு தண்ணி நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, பலகை மாற்றத்தான் வேண்டும். பைபர் வேலை செய்கிற ஒரு இடத்துக்குக் கொண்டுபோனோம். ரெசினும் (பைபரை இறுக்குகிற பசை) மேட்டும் (பைபர் இழை விரிப்பு) விற்பார்கள், போட்டும் திருத்துவார்கள். பெயர் வேண்டாம். அங்கிருந்த பாஸ் ஒரு சாவியின் பிடியால் பின்பலகையைத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே டக் டக் என்றது, கீழே வர வர சத்தம் அமுங்கியது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, “தம்பி, இதில இருந்து கீழ எல்லாம் போச்சு. முழுசா வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைக்கோணும். அரைகுறை வேலை நான் செய்யிறதில்ல” என்றார். சுவரில் சாத்தியிருந்த மரைன் பிளைவுட்டைக் காட்டி, முத்திரையைக் கூட விரலால் தொட்டுக் காட்டினார். “உங்கட அப்பாவை எனக்குத் தெரியாதா? என்ட போட் மாதிரிச் செய்து தாறன்.” இவ்வளவும் சொன்ன மனுசனை யார்தான் நம்பமாட்டார்கள்? 185,000 ரூபாய் பேசினோம். முற்பணம் ஒரு லட்சம், மிச்சம் போட் எடுக்கும்போது. அம்மாவின் சீட்டுக்காசு அது.

எடுக்கப் போனபோது பெயின்ட் கண்ணைப் பறித்தது. பின்பலகையின் மேல் விளிம்பில் ஒரு துண்டு மட்டும் பெயின்ட் அடிக்காமல் விட்டு, “பாருங்கோ புதுப் பலகை” என்று காட்டினார். புதுப் பலகைதான். அப்பா கூட தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கொஞ்ச நாள்தான். போல்ட்டடியில் மயிரிழை மாதிரி வெடிப்பு வந்தது. பிறகு கரையில் ஏற்றி வைத்தால் கீழ்ப் போல்ட்டால் மண்ணிறத் தண்ணி கசிந்தது. கிண்ணியாப் பக்கம் போட் வேலை தெரிந்த ஒரு அண்ணையைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் உள்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை துளைத்தார். துளையோடு வந்த தூள் கறுத்து, ஈரமாகக் கையில் ஒட்டியது. உள்தோலை வெட்டித் திறந்தால், மேல் விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குத்தான் புதுப் பலகை. அதற்குக் கீழே பழைய பலகை அப்படியே, ஊறின பாண் போல விரலால் கிள்ள வந்தது. பள்ளங்களுக்குப் பட்டி பூசி, மேலே ஒரே ஒரு மேட் ஒட்டி, பெயின்ட். ஈரப்பலகையில் ரெசின் பிடிக்காது என்பது இந்தத் தொழிலில் சின்னப் பொடியனுக்கும் தெரியும். அந்த மேட் கையால் இழுக்கவே உரிந்து வந்தது. போல்ட்டுகளுக்குப் பூசியிருந்தது குளியலறைக்கு அடிக்கிற சிலிக்கோன். இதற்கா 185,000?

அப்புறம் தொடங்கியது அலைச்சல். முதலில் “எஞ்சின் பாரம் கூட, அதான்” என்றார்கள். அதே எஞ்சின்தான் அங்கே போகும்போதும் மாட்டியிருந்தது. பிறகு “மழையில விட்டிருப்பீங்கள்.” பிறகு “கொழும்பில இருந்து ரெசின் வரட்டும், பார்ப்பம்.” நேரில் போனால் பாஸ் மூதூருக்குப் போயிட்டார் என்று ஒரு பொடியன் சொல்வான், பாஸின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும். என் நம்பருக்குப் பதில் இல்லை. மச்சானின் போனில் எடுத்தேன், உடனே எடுத்தார், என் குரல் கேட்டதும் வெட்டினார். கடைசியாகப் பிடித்தபோது வெட்டிய பலகையைப் பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டினேன். அதைப் பார்க்கக்கூட இல்லை. பில்லை எடுத்துக்காட்டி, “இதில பைபர் வேலை எண்டுதான் இருக்கு. பலகை எண்டு எங்க இருக்கு?” என்றார். 185,000 ரூபாய் வாங்கிய வாய் அது. அப்பாவுக்கு முன்னால் சொன்னார்.

மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் முறைப்பாடு போகிறது. அதுவரை சீசனில் போட் கரையில். அந்த நட்டத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவ்வளவையாவது பிடித்துக்கொள்ளுங்கள். பலகை மாற்றுகிறவர் பழையதை முழுக்க எடுத்த பிறகு, புதியதை மூடுமுன், நீங்கள் நேரில் நின்று பாருங்கள், படமும் எடுங்கள். மூடியபின், திரும்ப வெட்டித் திறக்காமல் வெளியால் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பில்லில் பலகை, அதன் தடிப்பு, எத்தனை மேட் என்று எழுதாமல் ஒரு சதம் கொடுக்காதீர்கள். போல்ட் ஓட்டையைப் பெரிதாக்கி எபொக்சியால் அடைத்து, அதற்கு நடுவில் திரும்பத் துளைத்தால்தான் தண்ணி பலகையைத் தொடாது. சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். மாரிக்கு ஏற்றி வைக்கும்போது அணியத்தை (முன்பக்கத்தை) உயர்த்தி, அடைப்பானைக் கழற்றி விடுங்கள்.

அந்த இடத்தின் பெயரைக் கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்பாதீர்கள். மத்தியஸ்த சபையில் முடியும்வரை சொல்லமாட்டேன். ஆனால் இப்போது எங்காவது முற்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் இருந்தால், நாளைக்கே போய் உங்கள் பின்பலகையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.