பார்ட் லோடா, சொந்தக் குடோனா, வெளியாளா? சில்லறைச் சங்கிலிகளுக்குச் சரக்கு அனுப்பும் மூன்று வழிகள்

பெரிய சில்லறைச் சங்கிலிகளுக்குப் பொருள் கொடுக்கும் நடுத்தர சப்ளையர்களுக்கு ஓர் ஆர்டரிலேயே லாரி நிரம்புவது அபூர்வம். ஐந்து பேலட், எட்டு பேலட் (பெட்டிகளை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட்டால் தூக்கும் தட்டு) என்று துண்டு துண்டாகத்தான் வரும். அதை அனுப்ப மூன்று வழிகள் உண்டு.

பார்ட் லோடு, அதாவது முழு லாரி பிடிக்காமல் கொஞ்சம் இடத்துக்கு மட்டும் வாடகை கொடுத்து அனுப்புவது, எளிது. ஒரு போன் போட்டால் வண்டி வந்துவிடும். ஆனால் சரக்கு நேராகப் போய்ச் சேராது. வழியில் இறக்கி, ஏற்றி, வேறு வண்டிக்கு மாற்றித்தான் போகும். ஒவ்வொரு முறை ஃபோர்க்லிஃப்ட் தூக்கும்போதும் பெட்டி நசுங்கலாம், எட்டு பேலட்டில் ஒன்று பின்தங்கிவிடலாம். கடைக்காரரின் கிடங்கு சொன்ன தேதிக்கே போய்ச் சேரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அடி விழுவது இங்கேதான். வால்மார்ட் 2017-ல் 'குறித்த நேரத்தில், முழு அளவில்' என்ற விதியைக் கொண்டுவந்து, தவறும் சரக்கின் மதிப்பில் 3 சதவீதம் அபராதம் என்றது. லாபமே ஒற்றை இலக்கத்தில் ஓடும் பொருளுக்கு அது சின்னத் தொகையா?

சரி, நாமே குடோன் போட்டு ஆர்டர்களைச் சேர்த்து முழு லாரியாக அனுப்பலாமே? ஒரே கிடங்குக்கு வாராவாரம் முழு லோடு போகிற அளவுக்கு விற்பனை இருந்தால் தாராளமாகச் செய்யலாம், வெளியாளுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. அந்த அளவு இல்லாவிட்டால், லாரி நிரம்பக் காத்திருப்பதற்குள் தேதி போய்விடும்.

மூன்றாவது வழி, பல சப்ளையர்களின் சரக்கைச் சேர்த்து ஒரே லாரியில் அனுப்பும் வெளியாளிடம் ஒப்படைப்பது. இதன் பலம், அவரிடம் அடுத்தவர் சரக்கும் இருக்கிறது என்பதுதான். 53 அடி டிரெய்லரில் ஒரே அடுக்காக வழக்கமாக 26 பேலட் பிடிக்கும். உங்கள் எட்டு, பிஸ்கட் கம்பெனியின் ஆறு, டப்பா உணவுக்காரரின் பன்னிரண்டு. எல்லாம் ஒரே கிடங்குக்கு என்றால் லாரி நிறைந்தது. வாடகையை மூவரும் பங்கிட்டுக் கொள்ளலாம். சரக்கு இறக்கக் கிடங்கில் முன்கூட்டியே வாங்க வேண்டிய நேரமும் மூன்றல்ல, ஒன்றுதான். ஏறிய பேலட்டை இறங்கும் இடம் வரை யாரும் தொடுவதில்லை. வாடகை மிச்சத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கென்னவோ தேதி தவறாமல் சேர்வதுதான் பெரிய ஆதாயமாகப் படுகிறது.

சிக்கலும் உண்டு. பக்கத்து சப்ளையர் தாமதித்தால் உங்கள் சரக்கும் நிற்கும். ஆகவே, வராதவரை விட்டுவிட்டு வண்டி கிளம்பும் கடைசி நேரமும், தாமதமானால் அபராதம் யார் தலையில் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தேயிலை அனுப்புகிறவர், அதே வண்டியில் சோப்பு ஏறாது என்பதையும் கேட்டு வைப்பது நல்லது. தேயிலை வாசனையை இழுத்துக்கொள்ளும். இறக்குக்கூலி, இருப்புக் கட்டணம், லேபிள் ஒட்டும் கூலி என்று பில் நீளும். வாடகையை மட்டும் ஒப்பிடாமல், ஒரு பெட்டி கிடங்கு வாசலைத் தொடும்வரை ஆகும் மொத்தச் செலவைப் பாருங்கள். கடைக்காரரே வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு என்றால், வாடகை மிச்சம் பெரும்பாலும் அவருக்குத்தான்.

சரக்கு சேர்க்கும் கம்பெனியிலிருந்து பேச வருகிறவர் எத்தனை ஊரில் கிளை இருக்கிறது என்று அடுக்குவார். நீங்கள் கேட்க வேண்டியது இது: "எங்கள் சரக்கு போகிற கிடங்குக்கு இப்போதே வாரத்தில் எந்தெந்த நாள் வண்டி விடுகிறீர்கள்?" கிழமை சொல்லாமல் இழுத்தால், இப்போதைக்குப் பார்ட் லோடிலேயே இருங்கள்.