மீனம்பாக்கத்தில் 26 ஃபிரேம்: ஃப்ளைட் சிமுலேட்டருக்காக ஒரு கணினியோடு ஐந்து வருஷம்

2022 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3070 கிராஃபிக்ஸ் கார்டை, மின்சார ரயிலில் பல்லாவரம் வரை மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். அன்றிரவே பொருத்தி, ஃப்ளைட் சிமுலேட்டரில் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் 07 ஓடுபாதை முனையில் ஏ320 விமானத்தை நிறுத்திப் பார்த்தேன். நொடிக்கு 26 ஃபிரேம், அதாவது திரையில் நொடிக்கு 26 படம்தான் மாறுகிறது. பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரில் அதே இடத்தில் 24 வந்துகொண்டிருந்தது. நாற்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து இரண்டே இரண்டு ஃபிரேம் வாங்கி வந்திருக்கிறேன். "எப்படிங்க இருக்கு?" என்று மனைவி கேட்டாள். "சூப்பரா இருக்கு" என்றேன். வேறென்ன சொல்வது?

இந்தப் பைத்தியம் எனக்கு எஃப்எஸ்98 (மைக்ரோசாஃப்டின் பழைய ஃப்ளைட் சிமுலேட்டர் 98) காலத்திலிருந்தே உண்டு. அதைத் திறந்தாலே சிகாகோவின் மீக்ஸ் ஃபீல்டில்தான் விமானம் நிற்கும். மெட்ராஸ் வெயிலில் பனியன் போட்டுக்கொண்டு மிச்சிகன் ஏரிக்கரையில் பறந்த தலைமுறை நாங்கள். அந்த விமான நிலையத்தையே 2003-இல் மூடிவிட்டார்கள். இப்போது வீடு பம்மலில். காற்று கிழக்கிலிருந்து அடிக்கும் நாட்களில், இறங்கப் போகும் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலேதான் போகும். 2020 ஆகஸ்ட் 18 அன்று மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வெளிவந்தபோது ஊரடங்கு. மொட்டைமாடியில் நின்றால் வானம் கிட்டத்தட்ட காலியாக இருந்தது. திரையில்தான் பறக்க முடிந்தது.

அன்றைய கணினி: ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 1660 சூப்பர். மாற்றலாம் என்றால் அந்த இரண்டு வருஷமும் கிராஃபிக்ஸ் கார்டு விலையைக் கேட்கவே பயம். கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 கடைசியில் விலை இறங்கியதும் ஓடிப்போய் வாங்கியதுதான் மேலே சொன்ன கார்டு. கடையில் சொன்ன வாக்கியம் அப்படியே நினைவில் இருக்கிறது: "சார், கார்ட மட்டும் பெருசா போடுங்க, மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்." துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்குப் பெரும்பாலும் அது சரி. இதற்கு இல்லை.

வாங்குவதற்கு முன் நான் செய்திருக்க வேண்டிய வேலை ஐந்து நிமிஷ வேலை. சிமுலேட்டரின் அமைப்புகளில் டெவலப்பர் மோடைத் திறந்தால் மேலே ஒரு மெனு வரும். அதில் ஃபிரேம் எண்ணிக்கையைக் காட்டும் பெட்டி ஒன்று உண்டு. வேகம் எங்கே முட்டுகிறது என்பதை அதுவே எழுதிக் காட்டும். என் திரையில் சிவப்பில் வந்தது, 'லிமிட்டட் பை மெயின்த்ரெட்'; அதாவது முட்டுவது கார்டில் இல்லை, பிராசஸரின் முக்கிய இழையில். கார்டு பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் பரிமாற எத்தனை பேர் நின்றாலும், அடுப்படியில் சாம்பாரை இறக்கவேண்டியவர் தலைமைச் சமையல்காரர் ஒருவர்தான். கார்டு பரிமாறும் கூட்டம். பிராசஸரில் ஆறு கோர், எட்டு கோர் என்று இருந்தாலும், விமானத்தின் இயக்கம், தரையின் விவரம், மற்ற விமானங்களின் போக்குவரத்து எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கிற முக்கியமான வேலை ஒரே இழையில்தான் ஓடுகிறது. அந்த ஒருவர் தாமதித்தால் பந்தி முழுக்கக் காத்திருக்கும். அவர் ஏன் தாமதிக்கிறார்? கை மெதுவானதால் மட்டும் இல்லை. புளிக்கும் மிளகாய்க்கும் ஒவ்வொரு தடவையும் உக்கிராண அறைக்கு நடந்து போய் வருவதால். ரேம் என்பது உக்கிராண அறை. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ், கைக்கெட்டும் மேடை. ஏஎம்டியின் எக்ஸ்3டி வகை பிராசஸர்களில் அந்த மேடையை மூன்று மடங்கு பெரிதாக்கியிருக்கிறார்கள். சாதாரண 5800எக்ஸில் எல்3 கேஷ் 32 எம்பி. 2022-இல் வந்த 5800எக்ஸ்3டியில் 96 எம்பி. வேகக் கணக்கில் அது சற்றுக் குறைவுதான், 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் சமையல்காரர் நடப்பது நின்றுவிடுகிறது.

2023-இல் அதை வாங்கினேன். இன்னொரு கடையில் "போர்டையும் மாத்தணும் சார், ரேமையும் மாத்தணும்" என்றார்கள். தேவைப்படவில்லை. பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிட்டு, பிறகு புதியதை உட்கார வைத்தால் பி450 பலகையிலேயே ஓடும். அப்படிப் பயாஸுக்குள் போனபோது வயிறு எரிந்த இன்னொரு சங்கதி: 3200 வேகம் என்று வாங்கிய ரேம் மூன்று வருஷமாக 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி என்ற ஒரே ஒரு அமைப்பை, அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் இயக்கவே இல்லை. நானும் பார்க்கவில்லை. உங்கள் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ரேமின் வேகத்தை இப்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள், காசு செலவில்லாத காரியம்.

அதே மீனம்பாக்கம், அதே 07, அதே ஏ320: 43 ஃபிரேம். எண்ணைவிட முக்கியம், தரையைத் தொடும் அந்தக் கடைசி ஐம்பது அடியில் படம் திக்கித் திக்கி நகர்வது நின்றுபோனது. அதற்கு முன் நான் முரட்டுத்தனமாக இறக்குவதற்கு என் கைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி கை, பாதி கணினி. 3070 வீண் என்று சொல்ல மாட்டேன். பிராசஸர் வந்த பிறகுதான் அது தன் சம்பளத்துக்கு உழைத்தது, இன்னும் நுணுக்கமான 1440பி திரைக்கும் அப்போதுதான் மாற முடிந்தது. வாங்கிய வரிசைதான் தப்பு.

ரேமை 32 ஜிபி ஆக்கியதும் அந்த வருஷம்தான். 16-இல் பறக்கும்போது, பக்கத்தில் பிரவுசரில் வரைபடங்களைத் திறந்து வைத்தாலே வண்டி இழுக்கும். சேமிப்புக்கு சாடா எஸ்எஸ்டியிலிருந்து அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாறினேன். திறக்கும் நேரம் குறைந்தது, ஃபிரேம் ஒன்றும் கூடவில்லை.

அதற்கடுத்து நான் போராடியது சென்னையோடு. வெளிநாட்டுக்காரர்களின் சோதனை அளவுகளில் அறை வெப்பம் 21, 22 டிகிரி என்று போட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் எங்கள் மாடி அறை ராத்திரி ஒன்பது மணிக்கும் 35. எக்ஸ்3டி பிராசஸரில் அந்தக் கூடுதல் கேஷ் மேல்தளமாக ஒட்டப்பட்டிருப்பதால் கீழே இருக்கும் சூடு சுலபத்தில் வெளியேறாது. உச்ச வரம்பு 90 டிகிரி. மே மாதத்தில் நான் 86 வரை பார்த்தேன். கோர் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பில் மைனஸ் 30 போட்டதும் எழுபத்தைந்து பக்கம் இறங்கியது, வேகம் குறையவில்லை. எல்லாச் சில்லும் மைனஸ் 30 தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள். முன்பக்கம் கண்ணாடி வைத்த அழகான கேபினெட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு, வலை வைத்த சாதாரணக் கேபினெட்டுக்கு மாறியது இன்னொரு ஐந்து டிகிரி. வலை என்றால் தூசி வரும். பம்மல் ரோட்டுத் தூசி எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போகிறது.

அப்புறம் கரண்ட். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு நிஜ நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்த நிமிஷத்தில் மின்சாரம் போனது. 600 விஏ யுபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியம். அது ஒரு தடவை 'கீ' என்று கத்திவிட்டு அணைந்துபோனது. 600 விஏ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தாலும் அது தாங்குவது 360 வாட்தான். என் கணினியும் திரையும் சேர்ந்து 380 இழுத்துக்கொண்டிருந்தன. இப்போது இருப்பது 1 கேவிஏ, அதுவும் சுத்த சைன் அலை தருவது. புதிய பவர் சப்ளைகள் சில, மலிவான யுபிஎஸ்களின் படிக்கட்டு அலையைப் பார்த்தால் முரண்டு பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுபவர்கள், அதில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் மாறும் இடைவெளியிலேயே கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். (2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் விமான நிலையத்தையே மூடினார்கள். அந்தக் காற்றில் சிமுலேட்டரின் நேரடி வானிலையோடு மீனம்பாக்கத்தில் இறங்கிப் பார்க்கவேண்டும் என்று ஆசை. எங்கள் தெருவில்தான் கரண்ட் இல்லையே.)

மின்கட்டணத்தைப் பற்றி வீட்டில் கேள்வி வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 380 வாட், தினம் இரண்டு மணி நேரம், இரண்டு மாதத்துக்குச் சுமார் 46 யூனிட். இது பெரிதில்லை. ஆனால் கணினி கக்கும் சூட்டுக்காக ஏசி போடுகிறோமே, அதுதான் 500 யூனிட்டைத் தாண்ட வைக்கும். தாண்டினால் கட்டணப் படிநிலையே வேறு. கார்டின் மின் வரம்பை 80 சதவீதத்துக்குக் குறைத்து வைத்திருக்கிறேன். ஃபிரேமில் வித்தியாசம் தெரியவில்லை, அறையில் தெரிகிறது.

2024 நவம்பர் 19 அன்று சிமுலேட்டரின் அடுத்த பதிப்பு வந்ததும் கணக்கு மறுபடி மாறியது. இந்தத் தடவை முட்டியது பிராசஸர் இல்லை, 3070-இன் 8 ஜிபி நினைவகம். தரையில் 45 ஃபிரேம் ஓடிக்கொண்டிருக்கும். வெளிப்பார்வையிலிருந்து காக்பிட்டுக்குத் திரும்பினால் 9. கருவிகளின் எழுத்துகள் கரைந்த மை மாதிரி இருக்கும். டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) அளவைக் குறைத்து இரண்டு மாதம் ஓட்டினேன், பிறகு கார்டை விற்றுவிட்டு 12 ஜிபி உள்ள 4070 சூப்பர் வாங்கினேன். அதில் ஃபிரேம் ஜெனரேஷன் உண்டு. நடுநடுவே கார்டே படத்தை உருவாக்கிச் செருகும், 45 என்பது 80-க்கு மேல் தெரியும். கண்ணுக்கு வெண்ணெய், கைக்கு அதே 45. பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு அது போதும். அடிப்படையே முப்பதுக்குக் கீழே இருந்தால் அந்தச் சர்க்கரையைத் தூவாதீர்கள். எண்கள் ஓடும் இடங்களில் பேய் மாதிரி நிழல் விழும்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. இந்தச் சிமுலேட்டருக்கு 100 ஃபிரேம் தேவையே இல்லை. அசையாத 40, நடுங்கும் 70-ஐவிட நல்லது. 'டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெயில்' என்ற, தரையின் விவரத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த ஒரு ஸ்லைடரை 200-லிருந்து 120-க்கு இறக்கினால் மெயின் த்ரெட்டுக்கு மூச்சு வரும். மேகத்தின் தரம் கார்டின் பாடு, அதில் கை வைத்தாலும் அடுப்படிக்கு ஒரு உபகாரமும் இல்லை. எந்த ஸ்லைடர் யாருக்கு என்று தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். ஜாய்ஸ்டிக்கில் நான் அதிகம் செலவழிக்கவில்லை. முதலில் வாங்கியது ஒன்றரை வருஷத்தில் தானாக இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தது. சென்னை ஈரமா, தூசியா, என் பையனா என்று தெரியாது.

போன வாரம் மச்சான் ஒரு கொட்டேஷன் அனுப்பினான். "மாமா, இத பாத்து சொல்லுங்க, ஃப்ளைட் சிம்முக்குத்தான்." சாதாரண எட்டுக் கோர் பிராசஸர், 16 ஜிபி கார்டு, 16 ஜிபி ரேம், வண்ண விளக்கு ஃபேன் ஆறு, கண்ணாடிக் கேபினெட், திரவக் குளிரூட்டி. பிராசஸரை 7800எக்ஸ்3டி ஆக்கச் சொன்னேன், கை நீண்டால் 9800எக்ஸ்3டி. அதில் கேஷைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டதால் நம் ஊர் வெயிலுக்கு இன்னும் தோது. ரேம் 32. கார்டு அப்படியே இருக்கட்டும், கொஞ்சம் சின்னதானாலும் 12 ஜிபிக்குக் கீழே வேண்டாம். விளக்கையும் கண்ணாடியையும் திரவத்தையும் அடித்துவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு நல்ல யுபிஎஸ் என்று எழுதி அனுப்பினேன். நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் மட்டும் வரவில்லை. ஃபேன் விளக்கில் கை வைத்தது அவனுக்குப் பிடித்திருக்காது.