வீட்டில் பாத் பாம்: எந்தப் புளிப்பு, எந்த ஈரம், எந்த எண்ணெய்?

பாத் பாம் என்பது குளியல் தொட்டித் தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கிக் கரையும் உருண்டை. அதன் செய்முறைகளை நாலைந்து சேர்த்து வாசித்தால் தலை சுற்றும். ஒன்று தண்ணீர் தெளிக்கச் சொல்லும், இன்னொன்று தண்ணீர் வாசனையே ஆகாது என்னும். ஒருவர் எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) அள்ளிக் கொட்டுவார், இன்னொருவர் சோள மாவோடு (கார்ன் ஃப்ளோர் எனப்படும் வெள்ளை ஸ்டார்ச்) நிறுத்திக்கொள்வார். யார் சொல்வதும் பொய்யில்லை. அவரவர் வீட்டுக் காற்றில் அது சரியாகவே வந்திருக்கும். இவற்றை எதிரெதிரே நிறுத்திப் பார்க்க நான் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: தொட்டியில் விழும் வரை ஈரத்தை எது தள்ளி வைக்கிறது? மணமும் நிறமும் அதற்கு அப்புறம்.

காரணம் எளிது. உருண்டைக்குள் இருப்பது சமையல் சோடாவும் சிட்ரிக் ஆசிட்டும். உலர்ந்த தூளாக ஒன்றாகக் கலந்து கிடந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. நீர் பட்டால் வினை தொடங்கி, சோடியம் சிட்ரேட், கரியமில வாயு, நீர் என மூன்றும் உண்டாகும். அந்த மூன்றாவதுதான் வில்லங்கம். வினையே தனக்கு வேண்டிய நீரை உண்டாக்கிக்கொள்வதால், ஒரு மூலையில் பட்ட துளி அந்த மூலையோடு நிற்காது. அச்சில் வைத்த உருண்டை இரவோடு இரவாக உப்பி, மேலெல்லாம் மருக்கள் கிளம்பி, விரிசல் விடுவது இதனால்தான். பின்னாளில் லஷ் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன் 1989-ல் பாத் பாமை உருவாக்கியபோது, அவருக்குப் பொறி தட்டியது தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் ஆல்கா செல்ட்சர் மாத்திரையைப் பார்த்து. அந்த மாத்திரை ஈரம் புகாத உறையில் வருவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஒப்பிட ஓர் அடிப்படைக் கலவை வேண்டுமே: சோடா 300 கிராம், சிட்ரிக் ஆசிட் 150 கிராம், சோள மாவு 75 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி. சுமார் 6 செ.மீ. விட்டமுள்ள அச்சில் நான்கு உருண்டை வரும். சோடா என்றால் சோடாதான். பேக்கிங் பவுடரில் ஏற்கெனவே அமிலமும் மாவும் கலந்திருக்கும், அதை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது.

புளிப்பு: சிட்ரிக் ஆசிட்டா, கிரீம் ஆஃப் டார்ட்டரா?

கிரீம் ஆஃப் டார்ட்டர் என்பது பேக்கிங்கில் பயன்படும், அமிலத்தன்மையுள்ள ஒரு வெள்ளைத் தூள். நுரைதான் முக்கியம் என்றால் இதில் போட்டியே இல்லை. சிட்ரிக் ஆசிட்டின் ஒரு மூலக்கூறு மூன்று சோடா மூலக்கூறுகளோடு வினைபுரியும். கிரீம் ஆஃப் டார்ட்டரின் மூலக்கூறு ஒன்றோடு முடித்துக்கொள்ளும். எடைக்கு எடை பார்த்தால் கிரீம் ஆஃப் டார்ட்டர் தரும் வாயு மூன்றில் ஒரு பங்குதான். மேலே சொன்ன 150 கிராம் சிட்ரிக் ஆசிட் முழுவதும் வினைபுரிந்தால் 50 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வரும். தொட்டி பொங்குவதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் கிரீம் ஆஃப் டார்ட்டரைக் கழித்துக்கட்டவும் மனம் வரவில்லை. அது தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் நுரை மந்தமாக வந்தாலும், செய்யும்போது தப்பித்தவறிப் பட்ட ஈரத்துக்கு அது அவ்வளவாகப் பதறுவதில்லை. உருண்டையும் கெட்டியாக இறுகும். காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் இருப்பவர்கள் சிட்ரிக் ஆசிட்டில் 30 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். முழுக்க மாற்றினால் உருண்டை சோம்பேறியாகக் கரையும், அவ்வளவுதான்.

எலுமிச்சைச் சாறு இந்தப் பந்தயத்திலேயே கிடையாது. அதில் சிட்ரிக் ஆசிட் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீர். பாத்திரத்திலேயே பொங்கி முடிந்துவிடும். சிட்ரிக் ஆசிட் வாங்கும்போதும் உறையைப் படியுங்கள்: நீரற்ற வகை, படிக நீர் சேர்ந்த வகை என இரண்டு உண்டு. இரண்டாவதன் எடையில் 8 சதவீதத்துக்கும் சற்று அதிகமாக நீர் ஒளிந்திருக்கிறது. நமக்கு வேண்டியது முதலாவது.

சோடா ஏன் இரண்டு மடங்கு என்றும் கேட்கலாம். கணக்குப்படி 1 பங்கு சிட்ரிக் ஆசிட்டுக்கு 1.3 பங்கு சோடாவே போதும். மிச்ச சோடா வினையில் சேராமல் தண்ணீரில் கரைந்து, அதை லேசான காரத்தன்மைக்கு நகர்த்தும். சருமத்தின் இயல்பு லேசான அமிலத்தன்மை என்பதால் சிலர் அளவை 1.5-க்கு ஒன்று எனக் குறைக்கிறார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் ஒரு தொட்டித் தண்ணீரில் ஒரே உருண்டை என்றால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

ஈரம்: நான்கு வழிகள்

தூளை ஒட்டவைத்து உருண்டையாக்க ஏதாவது ஓர் ஈரம் கொஞ்சம் வேண்டியிருக்கிறது. பெரும்பாலான உருண்டைகள் நாசமாவது இங்கேதான்.

தண்ணீர் எங்கும் கிடைக்கும். தூளின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைத்து, காயும்போது மீண்டும் படிகமாக இறுக வைப்பதால் நல்ல கெட்டியான உருண்டை தரும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஸ்ப்ரே பாட்டிலில் பனிபோல ஒரு முறை தெளித்து, உடனே கிளறி, மறுபடி ஒரு முறை என்று போனால் பிழைக்கலாம். கரண்டியால் ஊற்றினால் கதை முடிந்தது.

விட்ச் ஹேசலை (ஒரு செடியிலிருந்து எடுத்து, சருமத்துக்குப் பூச விற்கும் வடிநீர்) பலரும் பாதுகாப்பான மாற்றாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வகையில் ஆல்கஹால் 14 சதவீதம்தான். மீதியெல்லாம் ஏறக்குறைய நீரே. தண்ணீரைவிடக் கொஞ்சம் மெதுவாகப் பொங்கலாம். ஆனால் தண்ணீர் இல்லாத வழி என்று அதை நம்பித் தாராளமாகத் தெளித்தால் அதே உப்பல், அதே மருக்கள்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதிலும் 91 அல்லது 99 சதவீத வகை, இந்த நான்கில் என் தேர்வு. நீர் குறைவு, சீக்கிரம் ஆவியாகும், கலவையை அவசரப்படுத்தாது. 70 சதவீத வகையில் 30 சதவீதம் நீர் என்பதை மறந்துவிட வேண்டாம். இன்னொன்று, இது எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாகச் செய்யுங்கள். காயவைக்க ஓவனில் தள்ளும் யோசனை யாருக்கும் வரக்கூடாது.

எண்ணெய் மட்டும் போதும் என்பது நான்காவது கட்சி. வினை தொடங்கும் பயமே இல்லை. ஆனால் எண்ணெய் ஒட்டவைக்குமே தவிர இறுக்காது. அச்சிலிருந்து அழகாக வெளிவரும் உருண்டை, எடுத்து வைக்கும்போது விளிம்பு உதிரும். விதிவிலக்கு கொக்கோ பட்டர். 34 டிகிரி செல்சியஸ் வரை அது திடமாகவே இருப்பதால், உருக்கிக் கலந்து ஆறவிட்டால் உருண்டையைப் பிடித்து நிறுத்தும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும், அதனால் இந்த வேலைக்கு அது லாயக்கில்லை.

எந்த வழியில் போனாலும் பதம் ஒன்றுதான். கைப்பிடியில் அழுத்தினால் ஈர மணல்போல வடிவம் நிற்க வேண்டும், தொட்டால் உதிரக் கூடாது. காதருகே வைத்தால் சலசலப்புக் கேட்கவும் கூடாது. கையில் கலவை திடீரென்று சில்லிட்டால் உஷார்: இந்த வினை வெப்பத்தை உறிஞ்சுவது, குளிர்ச்சி என்றால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது.

சோள மாவும் எப்சம் உப்பும்

சோள மாவு வினையை மெதுவாக்கும், தண்ணீரை வழவழப்பாக்கும், உருண்டை மிதந்து சுழலவும் உதவும். எப்சம் உப்பு கனமானது. அதிகம் போட்டால் உருண்டை தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு பொங்கும். உருண்டையின் பிடிமானமும் குறையும். அதோடு, இந்த உப்பின் எடையில் பாதிக்குச் சற்று அதிகம் படிக நீர்தான். ஈரத்தைத் தள்ளி வைக்கப் பாடுபடும் கலவைக்குள் இவ்வளவு நீரைச் சுமந்து வரும் விருந்தாளியை நான் அழைக்க மாட்டேன். தோல் வழியாக மெக்னீசியம் உடலுக்குள் போய்த் தசை வலியைப் போக்கும் என்ற பேச்சுக்கும் வலுவான ஆதாரம் கிடையாது. உப்புத் தண்ணீரில் கிடப்பது பிடிக்குமா? உப்பைத் தனியாகத் தொட்டியில் போடுங்கள், உருண்டையை விட்டுவிடுங்கள்.

மணம், நிறம்

இங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எசென்ஷியல் ஆயிலோ செயற்கை நறுமண எண்ணெயோ, 500 கிராம் கலவைக்கு 3 மி.லி.க்குள் நிறுத்துங்கள். இயற்கையானது என்பதால் சாது என்று அர்த்தமில்லை: பட்டை, கிராம்பு எண்ணெய்கள் தோலை எரிக்கும், லாவெண்டர் பெரும்பாலும் சாது. எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து, நேரடியாகத் தோலில் ஒட்டும். எண்ணெயையும் நீரையும் கலக்கவைக்கும் பாலிசார்பேட் 80 என்ற பொருளைக் கொஞ்சம் சேர்த்தால் எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும். நிறத்துக்கு மைக்காத் தூள் (மினுமினுக்கும் கனிமத் தூள்) போடுபவர்களுக்கும் இது வேண்டும், இல்லையென்றால் தொட்டிச் சுவரில் வண்ண வளையம் உட்கார்ந்துகொள்ளும். நீரில் கரைத்து விற்கும் உணவு நிறத்துளிகள் வேண்டாம். காரணம் மறுபடியும் அதே ஈரம்தான். பிளாஸ்டிக் மினுக்குத் தூள் சாக்கடைக்குப் போகும் குப்பை.

உருண்டையே வேண்டுமா?

உடலைத் தளர்த்தும் பெரும்பங்கு வேலையைச் செய்வது வெந்நீர். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், படுக்கப் போவதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன் 40 முதல் 42.5 டிகிரி நீரில் குளித்தவர்களுக்குத் தூக்கம் சராசரியாக 10 நிமிடம் முன்னதாக வந்தது தெரிந்தது. அதற்கு 10 நிமிடக் குளியலே போதுமானதாக இருந்தது. நுரைக்கு அதில் பங்கில்லை. தலைசுற்றல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இவ்வளவு சூடு வைக்காமல் இருப்பது நல்லது.

அப்படியானால் உருண்டை எதற்கு? வேடிக்கைக்கு, பரிசளிக்க, எண்ணெயையும் மணத்தையும் ஒரே பொட்டலமாகத் தொட்டியில் இறக்க. வறண்ட காற்றுள்ள வீட்டில் தாராளமாகச் செய்யலாம். மழைக்காலத்தில், ஜன்னல் கண்ணாடியே வியர்க்கும் வீட்டில், நான் குளியல் உப்பைத்தான் சொல்வேன்: எப்சம் உப்பு, கொஞ்சம் சோடா, சில துளி லாவெண்டர், மூடி இறுகிய ஜாடி. அமிலம் இல்லாததால் பொங்க வழியே இல்லை. தோல் வறட்சிதான் கவலை என்றால் கொக்கோ பட்டரையும் பாதாம் எண்ணெயையும் உருக்கிச் சிறு அச்சுகளில் ஊற்றி இறுகவைத்த கட்டிகள் இரண்டையும் மிஞ்சும். ஆனால் தொட்டி வழுக்கும். எழுந்திருக்கும் முன் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், குளித்து முடித்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

உருண்டையேதான் என்று முடிவெடுத்தவர்கள் அச்சிலிருந்து எடுத்ததை 24 முதல் 48 மணி நேரம் திறந்த, உலர்ந்த இடத்தில் விடுங்கள், குளியலறையில் மட்டும் வேண்டாம். முழுதாகக் காய்ந்தபின் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடினால் உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும்.